பாதிப் புத்தகத்தோடு வாருங்கள்: ஊரில் வாசிப்பு வட்டம் நடத்தும் முறை

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இலக்கியக் கூட்டம் என்றால் அதற்கென்று ஒரு அச்சு இருக்கிறது. மேடை, பின்னால் ஃபிளெக்ஸ், வரவேற்புரை, நான்கு வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை. வந்து உட்கார்ந்தவர்கள் என்ன படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. இங்கே சொல்லப்போவது வேறு வகைக் கூட்டம். மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, கையில் இருக்கும் புத்தகம் எது, எந்தப் பக்கத்தில் நிற்கிறோம், இதுவரை என்ன தோன்றுகிறது என்று ஆளுக்கு நான்கு நிமிடம் சொல்வது.

அடிப்படை விதி ஒன்றுதான். முடித்த புத்தகத்தைவிட, படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கே முதலிடம். முடித்தவர் தீர்ப்புச் சொல்வார். பாதியில் நிற்பவர் சந்தேகத்தோடு பேசுவார். அந்தச் சந்தேகத்துக்குள் மற்றவர்கள் நுழைய முடியும். இன்னொரு நன்மையும் உண்டு. “இன்னும் முடிக்கலை, அடுத்த மாசம் வர்றேன்” என்று யாரும் ஒதுங்க முடியாது. வாசிப்பு வட்டங்கள் கலைவதற்கு முதல் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்துவர வேண்டும் என்று வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நூலகத்தில் ஒரு பிரதி இருக்கும், கடையில் சொல்லிவைத்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும், மூன்று பேர் கையில் புத்தகம் இருக்கும்போது ஒன்பது பேர் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு புத்தகம் என்பதே நம் ஊர் அளவுக்குப் பொருந்தும்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்

எட்டுக்குக் குறையாமல், பதினான்குக்கு மிகாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 4 நிமிடம் பேச்சு, 2 நிமிடம் கேள்வி. 12 பேருக்கு 72 நிமிடம். தொடக்கத்தில் போன மாதப் பதிவேட்டைப் பார்க்க 15 நிமிடம், கடைசியில் இரவல் கொடுக்கல் வாங்கலுக்கு 15 நிமிடம். மொத்தம் 102 நிமிடம். காலை 10.30க்குத் தொடங்கினால் 12.15க்குள் எழுந்துவிடலாம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்த நேரம் சரியாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். “12.15க்கு முடியும்” என்று சொன்னால் 12.15க்கு முடிய வேண்டும். ஒரு மாதம் ஒன்றரை மணிவரை இழுத்துவிட்டால், வீட்டில் சமையல் பொறுப்பு இருக்கும் பெண்கள் அடுத்த மாதம் வரமாட்டார்கள். அவர்கள் காரணமும் சொல்லமாட்டார்கள்.

பதினாறு பேர் வரத் தொடங்கினால் ஆளுக்குரிய நேரத்தை வெட்டாதீர்கள். இரண்டு நிமிடத்தில் யாரும் ஒரு புத்தகத்தைச் சொல்லிவிட முடியாது; வெறும் தலைப்புப் பட்டியல்தான் மிஞ்சும். இரண்டு வட்டமாகப் பிரியுங்கள், அதுவும் வேறு வேறு இடத்தில். ஒரே அறையின் இரண்டு மூலையில் உட்கார்ந்தால் குரல்கள் மோதும்.

நாள் விஷயத்தில் தருமபுரிக்கும் ஓசூருக்கும் ஒரே கணக்கு ஒத்துவராது. தருமபுரியில் இரண்டாம் ஞாயிறு காலை நல்லது. ஓசூரில் ஞாயிறும் ஓடும் ஆலைகளில் வேலை செய்பவர்கள் இருப்பார்கள். காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் இரவு 10, இரவு 10 முதல் காலை 6 என்று மூன்று ஷிஃப்ட். மாலை 4.30க்குக் கூட்டம் வைத்தால் முதல் ஷிஃப்ட் முடித்தவர் குளித்துச் சாப்பிட்டு வரலாம், இரவு ஷிஃப்ட்காரர் தூங்கி எழுந்து வரலாம். இரண்டாம் ஷிஃப்டில் இருப்பவர் மட்டுமே தவறுவார். ஷிஃப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறுவது என்றால் சுற்று மூன்று வாரம். கூட்டத்துக்குக் கூட்டம் இடைவெளி நான்கு அல்லது ஐந்து வாரம். ஆகவே ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு மாதம் தவற வாய்ப்பில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அப்படி வைத்தால் அதே ஆட்கள் எப்போதும் வெளியே நிற்பார்கள்.

வருடத் தொடக்கத்திலேயே தினசரி காலண்டரைப் பார்த்து முகூர்த்த ஞாயிறுகளைக் கழித்துவிடுங்கள். தை, வைகாசி, ஆவணி மாதங்களில் நல்ல முகூர்த்த நாளில் பாதிப் பேர் கல்யாண மண்டபத்தில் இருப்பார்கள். அந்த மாதங்களில் மட்டும் முந்தைய அல்லது பிந்தைய ஞாயிறுக்குத் தள்ளி, பன்னிரண்டு தேதிகளையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். மாங்காய் சீசனான மே, ஜூனில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களும் மண்டியில் இருப்பவர்களும் குறைவார்கள். அதற்காகக் கூட்டத்தை நிறுத்த வேண்டாம்.

இடம்

பொது நூலகமே சிறந்த இடம். பெரும்பாலான அரசு நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிறு அல்ல. இருந்தாலும் உங்கள் ஊர் நூலகரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கும். அதற்குப் போட்டியாகத் தொடங்காமல், அதன் மாதாந்திர நிகழ்ச்சியாகவே இதை நடத்த அனுமதி கேளுங்கள். கடிதத்தில் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்பவை இருந்தால் போதும். படிப்பறைக்குள் மட்டும் நடத்தக் கூடாது. இப்போது நம் நூலகங்களில் படிப்பறை முழுக்க டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த அமைதி பிழைப்பு சம்பந்தப்பட்டது. வராண்டாவோ, மாடியோ, குழந்தைகள் பிரிவு காலியாக இருக்கும் நேரமோ கிடைக்குமா என்று பாருங்கள்.

நூலகம் கிடைக்காவிட்டால் தலைமையாசிரியர் அனுமதியோடு பள்ளி வகுப்பறை. பெஞ்சுகளை வட்டமாகப் போடுங்கள். ஆசிரியர் நாற்காலியில் யாரும் உட்கார வேண்டாம். கோயில் மண்டபம், கட்சி அலுவலகம், சமுதாயக் கூடம் மூன்றையும் தவிர்ப்பது நல்லது. அங்கே கால் வைக்கத் தயங்குபவர் ஒருவராவது இருப்பார், தயக்கத்தை வெளியே சொல்லவும் மாட்டார். வீட்டில் நடத்தினால் வீட்டுக்காரர் பலகாரம் செய்ய ஆரம்பித்துவிடுவார், அடுத்த மாதம் அடுத்த வீட்டுக்காரர் அதைவிட அதிகமாகச் செய்ய வேண்டிவரும். மூன்றாம் மாதம் வீடு கிடைக்காது.

மைக் வேண்டாம். மைக்கைப் பிடித்தாலே குரல் மேடைக்குப் போய்விடுகிறது. மின்விசிறி சத்தம் பெரிதாக இருந்தால் மெல்லப் பேசுபவரை விசிறிக்கு நேர்கீழே உட்காரவைக்காதீர்கள், அவ்வளவுதான்.

நான்கு நிமிடத்தில் என்ன சொல்வது

கூட்டம் நன்றாக நடப்பதும் நடக்காததும் இந்த நான்கு நிமிடத்தைப் பொறுத்தது. புதிதாக வருபவருக்கு இதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

முதல் அரை நிமிடம்: புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மூல மொழியும் மொழிபெயர்ப்பாளர் பெயரும், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, மொத்தப் பக்கம், விலை, எங்கே கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர் பெயரை விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நாம் படிக்கும் ஒவ்வொரு தமிழ் வாக்கியமும் அவர் எழுதியது, ஆகவே இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, நிற்கும் இடம். “312 பக்கத்தில் 140” என்று சொன்னால் போதும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. ஒன்றின் பக்க எண் மற்றொன்றோடு பொருந்தாது. அத்தகைய நூல் என்றால் அத்தியாய எண்ணையும் சொல்லுங்கள். ஒரே நூலை இரண்டு பேர் வெவ்வேறு பதிப்பில் வைத்திருந்தால் உள்ளடக்கப் பக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மலிவுப் பதிப்புகளில் முன்னுரையும் அடிக்குறிப்பும் காணாமல் போயிருக்கும்.

பிறகு ஒரு நிமிடம், புத்தகம் எதைப் பற்றியது. நாவல் என்றால் முதல் கால் பங்கில் நடப்பதைத் தாண்டிக் கதை சொல்லக் கூடாது. வரலாறு, வாழ்க்கை வரலாறு, கட்டுரை நூல்களுக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்த ஒரு நிமிடம், ஒரு பகுதியை வாய்விட்டு வாசியுங்கள். ஏழெட்டு வரி, நூறு சொல்லுக்குள். வீட்டிலேயே தேர்ந்தெடுத்துப் பென்சிலால் அல்ல, ஒட்டும் காகிதத்தால் அடையாளம் வைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு முறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு வருவது அவசியம். நாக்கு தடுமாறும் இடம் எழுத்தாளரின் வேலையா, மொழிபெயர்ப்பின் குறையா, அச்சுப்பிழையா என்பது அப்போதே தெரிந்துவிடும். கூட்டத்தில் பல பேருக்குப் புத்தகத்தை வாங்கவைப்பது உங்கள் அபிப்பிராயத்தைவிட இந்த ஏழு வரிதான்.

கடைசி ஒன்றரை நிமிடம், உங்கள் கருத்தும் அதற்கான காரணமும். “அருமை”, “விறுவிறுப்பு”, “சொல்ல வார்த்தையே இல்லை”, “ஒரு தடவை படிக்கலாம்” ஆகிய நான்கையும் சொல்லக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். யாராவது சொல்லிவிட்டால் நெறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “எந்தப் பக்கத்துல அப்படித் தோணுச்சு?”

கதைச்சுருக்கத்துக்கும் கருத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புதியவர்களுக்குக் காட்ட நம் ஊர்ச் சரக்கே கைவசம் இருக்கிறது. தகடூர் என்ற பழைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக, ஔவையார் பகை அரசன் தொண்டைமானிடம் தூது போய்ப் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டு. ஒன்பதே வரி. ஒரு பக்கத்தில் அச்செடுத்து எல்லாருக்கும் கொடுக்கலாம்.

“தொண்டைமானின் ஆயுதங்கள் மயில் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன” என்பது சுருக்கம். இதை யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“எதிரியின் மாளிகைக்குள் நின்றுகொண்டு, அவன் ஆயுதங்களைப் புகழ்வதுபோலவே தொடங்கி, இவை போர் பார்க்காதவை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். திட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கடைசி நான்கு வரியில் அதியமானின் கொடையைப் பேசப் போகும்போது அந்தக் கூர்மை தளர்கிறது என்று எனக்குப் படுகிறது” என்பது கருத்து. இதை ஒருவர் மறுக்கலாம்: “தளரவில்லை; இருந்தால் மற்றவர்க்குக் கொடுத்து, இல்லாவிட்டால் அவர்களோடு சேர்ந்து உண்கிறவன் என்று சொல்வதுதான் கடைசித் தாக்கு. அவன் பின்னால் ஊரே நிற்கும் என்ற எச்சரிக்கை அது.” இரண்டு பேரும் பாட்டுக்குள் இருக்கும் வரியையே கைகாட்டுகிறார்கள். கூட்டத்தில் நடக்க வேண்டிய விவாதம் இந்த வகைதான். முதல் மாதம் இந்த ஒரு பாட்டை வைத்து இருபது நிமிடம் பேசிப் பழகிவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து விதிகளை விளக்க வேண்டியிராது.

நேரம் பார்ப்பவரும் நெறியாளரும்

இரண்டு பொறுப்பு, இரண்டு ஆள். நெறியாளர் பேச்சைக் கவனிப்பார். நேரம் பார்ப்பவர் போனில் சத்தமில்லாத டைமரை வைத்துக்கொண்டு, மூன்று நிமிடம் ஆனதும் “1 நிமிடம்” என்று எழுதிய அட்டையையும், நான்கு முடிந்ததும் “நன்றி” என்ற அட்டையையும் காட்டுவார். வாய் திறக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியரைப் பார்த்துக் கல்லூரி மாணவி “ஐயா, நேரமாச்சு” என்று சொல்வது நம் ஊரில் நடக்காத காரியம். அட்டையைத் தூக்கிக் காட்டுவது நடக்கும்.

பேசும் வரிசையில் வயதில் இளையவர் முதலில். மரியாதைக் குறைவாக இதை யாரும் எடுத்துக்கொள்ளாதபடி முன்பே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். ஊரில் மதிக்கப்படும் ஒருவர் முதலில் பேசிவிட்டால், அவர் கருத்துக்கு மாறாகப் பேச அதற்குப் பிறகு யாருக்கும் வாய் வராது. சார், ஐயா, அண்ணா, அக்கா என்று எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் பதவியைச் சொல்லி அறிமுகம் செய்வது வேண்டாம். பெயரும் ஊரும் போதும்.

கேள்வி நேரத்தில் ஒருவருக்கு ஒரு கேள்வி. எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தீர்கள், இதே விஷயத்தில் வேறு என்ன படித்திருக்கிறீர்கள், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா போன்றவை நல்ல கேள்விகள். “இதைவிட நல்ல புத்தகம் ஒன்று இருக்கிறது, அதைப் படித்தீர்களா” என்பது கேள்வி அல்ல. அவர் தன் முறை வரும்போது சொல்லட்டும்.

சாதி, கட்சி, மதம் பற்றிய நூல்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. தவிர்த்தால் தமிழில் பாதிப் புத்தகங்களைப் பேச முடியாது. பேச்சு புத்தகத்தைவிட்டு ஊர் ஆட்களுக்கு நகரும்போதுதான் சண்டை வருகிறது. “நூலில் இது எந்தப் பக்கம்?” என்று கேட்டு நெறியாளர் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இரண்டு முறை கேட்டும் திரும்பாவிட்டால் அடுத்தவர் முறை. தனி ஆளின் பெயரோ, ஒரு ஊரின் பெயரோ குற்றச்சாட்டாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பாதியில் கைவிட்டது, ஒன்றுமே படிக்காதது

கைவிட்ட புத்தகத்துக்கு முழு நான்கு நிமிடம் உண்டு. எந்தப் பக்கத்தில், எதனால் என்று சொல்ல வேண்டும். காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதி நேரம் குற்றம் எழுத்தாளருடையதாக இருக்காது. எழுத்து மிகச் சிறியது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இரவு டியூப் லைட் வெளிச்சத்தில் கண் வலிக்கிறது. ரஷ்ய நாவல் மொழிபெயர்ப்புகளில் ஒரே பாத்திரத்துக்கு முழுப்பெயர், தந்தை பெயர் சேர்ந்த பெயர், செல்லப்பெயர் என்று மூன்று வரும்; யார் யாரென்று புரியாமல் எழுபதாம் பக்கத்தில் விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஒரு புத்தகக்குறி அட்டையில் பெயர்களை எழுதிக்கொண்டே போவதுதான் வழி. அந்த நூலை முடித்த ஒருவர் வட்டத்தில் இருந்தால் அந்தப் பட்டியலைக் கைமாற்றிக் கொடுக்கலாம். ஐம்பது பக்கம்வரை பார்த்துவிட்டுக் கைவிடுவதில் தவறே இல்லை. பத்துப் பக்கத்தில் கைவிட்டால் மட்டும் “ஏன் எடுத்தீர்கள்?” என்று கேட்க இடம் உண்டு.

அந்த மாதம் எதுவும் படிக்காதவர் வரலாம், பேசாமல் கேட்கலாம். மன்னிப்புக் கேட்கவிடாதீர்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் “குரூப் 4 புக்குதான் படிக்கிறேன், வேற ஒண்ணும் இல்லை” என்பார்கள். அவர்கள் புரட்டிக்கொண்டிருக்கும் பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் நல்ல கதைகளும் நாவல் பகுதிகளும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அதில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். அதன் முழு வடிவம் யாரிடமாவது இருக்கும், அன்றைக்கே கைக்குப் போய்ச் சேரும். ஒரு வார இதழில் வந்த சிறுகதை, ஒலிநூல், போனில் படிக்கும் மின்னூல் எல்லாமே கணக்கில் சேர்த்தி.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய. உருது படிப்பவர்களும் உண்டு. கன்னடப் புத்தகத்தைப் பற்றித் தமிழில் பேசலாம். வாசிக்கும் பகுதியை முதலில் மூலத்தில் அரை நிமிடம் வாசித்துவிட்டு, பிறகு தமிழில் பொருள் சொல்லட்டும். மொழி புரியாதவர்களும் அதன் ஓசையைக் கேட்பார்கள். அந்த நூல் தமிழில் வந்திருக்கிறதா என்று தேடுவது வட்டத்துக்கு அடுத்த மாத வேலை.

பதிவேடு

இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். விரித்தால் கிடைக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்டு எட்டுக் கட்டம்: தேதி, வாசகர் பெயர், நூலும் ஆசிரியரும், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகமும் ஆண்டும், மொத்தப் பக்கம், நிற்கும் பக்கம், ஒரு வரிக் கருத்து. கருத்துக் கட்டம் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். பேசியவரே தன் கையால் எழுத வேண்டும். வேறொருவர் எழுதினால் எல்லாக் கருத்தும் ஒரே குரலில் வந்துவிடும்.

இந்த நோட்டு வெறும் ஆவணம் அல்ல. ஒவ்வொரு கூட்டத்தின் முதல் 15 நிமிடமும் இதற்குத்தான். “போன மாசம் 140ல இருந்தீங்க, மெதுவா போகுதுன்னு எழுதியிருக்கீங்க. இப்போ?” என்று நெறியாளர் கேட்டுக்கொண்டே போவார். 140இல் ஒரு கருத்து, 312இல் வேறு கருத்து என்பதுதான் இந்தக் கூட்டத்தில் கிடைக்கும் சிறந்த பேச்சு. ஒரு பாத்திரத்தின் மேல் வந்த எரிச்சல் எந்த அத்தியாயத்தில் பரிவாக மாறியது, அல்லது முதலில் பிடித்த நடை எங்கே அலுத்துப்போனது என்பதை நோட்டைப் பார்க்காமல் சரியாகச் சொல்ல முடியாது. முடித்ததும் எல்லாருக்கும் தொடக்கத்தில் தோன்றியது மறந்துபோகும். முதல் இரண்டு மாதம் இந்தப் பகுதி சப்பென்றுதான் இருக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து உயிர்பெறும். அதுவரை பொறுங்கள்.

வாட்ஸ்அப் குழு வைத்தால் இரண்டு வேலைக்கு மட்டும்: கூட்டத்துக்கு முந்தைய புதன்கிழமை “என்ன புத்தகம், எந்தப் பக்கம்?” என்று கேட்பது, கூட்டம் முடிந்ததும் நோட்டுப் பக்கத்தின் படத்தைப் போடுவது. நெறியாளர் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிட்டு, புதன்கிழமை ஒருநாள் எல்லாருக்கும் திறந்துவிடலாம். விற்பனையில் இருக்கும் புத்தகத்தின் பிடிஎஃப் ஸ்கேனை யார் போட்டாலும் உடனே நீக்குங்கள். தமிழில் ஒரு பதிப்புப் பெரும்பாலும் சில நூறு பிரதிதான் அச்சாகிறது; அதில் ஐம்பது விற்காமல் போனாலே எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் உறைக்கும். சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை ஏராளம் இருக்கின்றன. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கழிந்தால் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிடும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் தனி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் இவற்றைத் தேடலாம்.

இரவல்

வட்டத்தின் பாதிப் பயன் இங்கேதான். ஒருவர் பேசி முடித்ததும் “எனக்குக் கொடுங்க” என்று கேட்கும் புத்தகம் அன்றே கைமாற வேண்டும். ஒரு வாரம் ஆறிவிட்டால் ஆர்வம் போய்விடும். நோட்டின் கடைசி இருபது பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள்: நூல், உரியவர், வாங்கியவர், கொடுத்த தேதி, திரும்ப வேண்டிய தேதி, திரும்பிய தேதி, உரியவர் கையெழுத்து. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம். கெடு இரண்டு கூட்டம், அதாவது சுமார் எட்டு வாரம். பழுப்புக் காகித அட்டை போட்டுக் கொடுங்கள். அட்டையின் மேல் உரியவர் பெயரை எழுதிவிட்டால், பெயர் இல்லாத புத்தகம் வேறு வீட்டு அலமாரியில் நிரந்தரமாகக் குடியேறுவது நின்றுவிடும்.

பசை போட்டு ஒட்டிய எண்ணூறு பக்கத் தடிமன் நூல்களைக் கவிழ்த்து வைத்தாலோ, முழுக்க மடக்கினாலோ முதுகு பிளந்துவிடும். கோடையில் பைக் டிக்கியில் கிடந்தாலும் அதே கதிதான். தொலைந்தால் அதே நூலை வாங்கித் தர வேண்டும்; கிடைக்காவிட்டால் இன்றைய விலை. அச்சில் இல்லாதது, எழுத்தாளர் கையெழுத்துப் போட்டது, பெற்றோர் வைத்துப் படித்தது ஆகிய மூன்றையும் இரவலுக்குக் கொண்டுவராதீர்கள், காட்டிவிட்டு எடுத்துப்போங்கள். நூலகப் புத்தகத்தையும் மறு இரவல் கொடுக்கக் கூடாது. திரும்பக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் தன் அட்டையில் எடுக்கட்டும். உறுப்பினர் அட்டை இல்லாதவர்களை அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வசதியுள்ளவர்கள் ரூ.1000 செலுத்தி நூலகப் புரவலர் ஆகலாம்; வட்டத்துக்கு இடம் கொடுக்கும் நூலகத்துக்குச் செய்யக்கூடிய நேரடியான உதவி அது.

காசு அதிகம் தேவைப்படாது. நோட்டு, அட்டை, ஜெராக்ஸ் சேர்த்து வருடத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். டீயும் போண்டாவும் கூட்டம் முடிந்த பிறகு, அவரவர் காசில், வெளியே கடையில். நடுவில் டீ வந்தால் இருபது நிமிடம் போய்விடும். நிதி திரட்ட ஆரம்பித்தால் கணக்கு, பொருளாளர், சந்தேகம் என்று வேறு பாதையில் போகும்.

வறண்ட மாதங்கள்

ஏழெட்டு மாதம் போனதும் எல்லாரும் ஒரே மாதிரி நாவல்களையே கொண்டுவரத் தொடங்குவார்கள். அப்போது ஒரு மாதத்தை நம் மண்ணுக்கு ஒதுக்கலாம். புறநானூற்றில் அதியமானைப் பாடிய பாடல்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். 87இல் தொடங்கி 95வரை ஔவையார் பாடியவை மட்டுமே ஒரு கூட்டத்துக்குப் போதும். தகடூர்ப் போரை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க விரும்புபவர், தகடூரை வென்ற சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடிய பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தை எடுக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் வென்றவன் பாட்டும் தோற்றவன் பாட்டும் எதிரெதிரே நிற்கும். தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியின் உரைநடை, பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் எழுத்து, தருமபுரிப் பகுதி நடுகற்களைப் பற்றிய கல்வெட்டு நூல்கள் என்று இன்னும் நிறைய இருக்கின்றன.

உள்ளூர் வரலாறு தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி 1965இல் பிரிந்தது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிந்தது. ஆகவே பழைய நூல்களில் கிருஷ்ணகிரி என்று தேடினால் அகப்படாதது, சேலம் மாவட்டக் கெசட்டியரில் கிடைக்கும். அதற்கும் முந்தைய கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆவணங்கள் என்றால் பாரமகால் என்ற பெயரில் தேட வேண்டும்.

தருமபுரி, ஓசூர்ப் புத்தகத் திருவிழாக்கள் முடிந்த அடுத்த கூட்டத்தை மட்டும் வேறு மாதிரி நடத்துங்கள். எல்லார் வீட்டிலும் 10 சதவீதத் தள்ளுபடியில் வாங்கிப் பிரிக்காத புத்தகங்கள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்து முதல் இருபது பக்கம் மட்டும் படித்துவிட்டு வந்து, தொடரலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். ஏன் வாங்கினோம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அட்டையா, யாரோ சொன்னதா, அரங்கில் நின்று புரட்டிய ஒரு பக்கமா. அடுத்த வருடத் திருவிழாவில் அது கையைக் கட்டுப்படுத்தும்.

எழுத்தாளரை அழைக்கும் ஆசை எல்லா வட்டத்துக்கும் ஒருநாள் வரும். அழைக்கலாம், ஆனால் பகிர்வுக் கூட்டத்துக்கு அல்ல. தனியாக ஒரு நாள் வையுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் வட்டத்தில் அவருடைய நூலைப் பற்றி யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். மற்ற நூல்களைப் பற்றிக்கூட அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அவர் வந்ததும் பொன்னாடையும் ஃபிளெக்ஸும் பின்னாலேயே வந்து நிற்கும், நான்கு நிமிடக் கணக்கும் அன்றோடு கலையும்.

நெறியாளரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போது நோட்டு, அட்டைகள், தேதித் தாள், நூலகர் தொடர்பு எண், நிலுவையில் இருக்கும் இரவல் பட்டியல் ஐந்தும் கைமாற வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து நடத்தினால் அவர் வெளியூர் மாற்றலானதும் வட்டம் நின்றுவிடும்.

ஒரு மாதம் மழை, ஒரு மாதம் முகூர்த்தம் என்று மூன்றே பேர் வந்து நிற்கும் நாள் கட்டாயம் வரும். தள்ளிவைக்காதீர்கள். ஒருமுறை தள்ளினால், “இந்த மாசம் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த முறை எல்லாரும் கிளம்புவார்கள். மூன்று பேர் என்றால் நேர அட்டையை ஓரம் வைத்துவிட்டு ஆளுக்குப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வரிக்குப் பதில் ஒரு முழு அத்தியாயத்தையோ ஒரு சிறுகதையையோ மாறி மாறி வாசிக்கலாம். மூன்று வரியும் நோட்டில் ஏற வேண்டும், பக்க எண்ணோடு.